குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும் உரித்தாகுக. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பதால், வேலையை நாடி மேற்கு வங்கத்திலிருந்து வந்து நம்மிடையே குடியிருக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும், நெடுங்காலமாக இங்கு வாழும் இந்துக் குடும்பங்களுக்கும் இடையே பேச்சு வளர நாம் எடுத்த முயற்சிகளை மட்டும் இங்கே தருகிறேன்.

ஆண்டின் தொடக்கத்திலேயே செயற்குழு ஒரு பிழை செய்தது. அதற்கு முதற்பொறுப்பு என்னுடையது. முஸ்லிம்கள் எனில் உருது அறிந்திருப்பார்கள் என்று நாமாகவே முடிவு செய்து, தண்ணீர் விடும் நேரம் குறித்த அறிவிப்பை உருதுவில் எழுதி ஒட்டினோம். அவர்களுடைய தாய்மொழியோ, அம்மாநிலத்து இந்துக்களுக்குப் போலவே, வங்காளம். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களோடு தலைமுறைகளாகப் பழகியும் இது நமக்குத் தோன்றாமற்போனது வருந்தத்தக்கது. வங்காளம் அறிந்த உறுப்பினர் ஒருவர் முன்வந்த பின்னரே அறிவிப்பு உரியவர்களைச் சென்றடைந்தது.

ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன் பாத்திர ஓசை கேட்பதாகப் புகார் வந்தபோது, நாமாக விளக்கம் கூறாமல் இரு தரப்பினரையும் அழைத்தோம். நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹர் உணவுக்காக எழுவதையும், சந்திரனைப் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களே கொண்டதால் ரமலான் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முன்னதாக வருவதையும் ஒரு பெண்மணி எடுத்துரைத்தார். ஏகாதசி விரதமும் சந்திரனின் திதியைக் கொண்டே கணிக்கப்படுகிறது என்றும், தமிழ் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுவதால் தீபாவளி ஐப்பசியிலேயே வருகிறது என்றும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் விளக்க, புகாருக்கென்று கூடிய கூட்டம் பஞ்சாங்கக் கணக்கில் ஆழ்ந்தது. இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவளித்த மாலை அதுவே. புகார் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை, கோயில் விழாக் குழுவினரும் பள்ளிவாசல் பொறுப்பாளர்களும் சேர்ந்து படித்து ஏற்றுக்கொண்டனர்.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. பெயரைக் கேட்டதும் வீடு காலியில்லை என்று கூறும் உரிமையாளர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. அவ்வுரிமை நம் வாசற்படியில் தடைபடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. இதுவரை அக்குடும்பங்களைப் பற்றி அவர்கள் இல்லாத இடத்திலேயே நாம் முடிவெடுத்து வந்தோம். ஆகவே, அவர்களுள் இருவரை, ஒருவரேனும் பெண்ணாக இருக்கும்படி, வரும் ஆண்டின் செயற்குழுவில் சேர்க்கும் தீர்மானத்தைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்