ஒரே எண், உள்ளே வேறு சரக்கு: 80 ஜிபிஎஸ் மாட்யூல்கள் குறித்துப் புகார்

அனுப்புநர்: வண்டிகளுக்கு வழிகாட்டும் பெட்டி செய்யும் பட்டறை, திருச்செங்கோடு.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: இரண்டாம் தவணையில் வந்த மாட்யூல்களில் பேட்டரி இல்லாதது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் ரிக் வண்டிகள் வடநாடு வரை போய் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டுவிட்டு வருகின்றன. அந்த வண்டிகளுக்கு வழிகாட்டும் பெட்டியைச் செய்து மாட்டித் தருவதுதான் எங்கள் தொழில். பெட்டிக்கு உயிர், செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி இடத்தைச் சொல்லும் உங்கள் ஜிபிஎஸ் மாட்யூல். முதலில் வாங்கிய 40 மாட்யூல்களில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. அந்த நம்பிக்கையில்தான் அடுத்து 80 வாங்கினோம். அதே மாடல் எண், அதே ஸ்டிக்கர், அதே விலை. உள்ளே இருப்பது மட்டும் வேறு.

புது மாட்யூல் போட்ட முதல் பெட்டி நாள் முழுக்க "சிக்னல் தேடுகிறது" என்றே காட்டியது. சால்டர் வைத்ததில் தவறோ என்று இரண்டு முறை பிரித்துப் பார்த்தோம். கடைசியில் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய மாட்யூல், இடத்தைச் சொல்லி அனுப்பும் தன் வரிகளை 'ஜிபி' என்ற எழுத்துகளில் தொடங்கும். புதியது மற்ற நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால் 'ஜிஎன்' என்று தொடங்குகிறது. எங்கள் புரோகிராம் 'ஜிபி'யை மட்டுமே தேடிக்கொண்டிருந்தது. மாற்றம் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஒரு வரி மெயில் அனுப்பியிருந்தால் எங்களுக்கு இரண்டு இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

புரோகிராமைத் திருத்திவிட்டோம். ஆனால் அடுத்த குறையை எந்தப் புரோகிராமாலும் சரிசெய்ய முடியாது. பழைய மாட்யூலின் ஓரத்தில் மிளகு அளவில் வெள்ளி நிறத்தில் ஒரு சார்ஜ் பேட்டரி இருக்கும். புதியதில் அந்த இடத்தில் இரண்டு ஈயப் புள்ளிகள் மட்டும் பளபளக்கின்றன. உங்கள் டேட்டாஷீட்டில் (மாட்யூலின் விவரத்தாளில்) இன்றைக்கும் பேட்டரி உண்டு என்றுதான் போட்டிருக்கிறது. அதை நம்பித்தான் எங்கள் போர்டில் பேக்கப் பின்னுக்கு, அதாவது எஞ்சின் நின்றபின் மாட்யூலுக்கு வெளியிலிருந்து கரண்ட் தரும் காலுக்கு, லைன் கொடுக்காமல் விட்டோம்.

அந்தப் பேட்டரியின் அருமை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில், 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. அது முழுதாக வந்தால்தான் மாட்யூல் இடத்தைக் கணக்கிடும். நடுவே ஒரு புளியமரம் மறைத்து அதில் ஒரு துண்டு விட்டுப்போனால், அது அடுத்த சுற்றில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பேட்டரி இருந்தால் எஞ்சினை அணைத்தாலும் மாட்யூலுக்குள் இருக்கும் கடிகாரம் ஓடும். வாங்கி வைத்த விவரம் ஏறக்குறைய நாலு மணி நேரம் கைகொடுக்கும். பட்டறை மொட்டை மாடியில் பழையது, புதியது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் கரண்ட்டை நிறுத்திப் பார்த்தோம். பழையது 2 நொடியில் இடத்தைச் சொன்னது, புதியதற்கு 34 நொடி. தென்னை மரத்தடியில் புதியது இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இரண்டு நிமிடம்தானே என்று நினைக்க வேண்டாம். ஊத்துக்குளி பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போர் போடப் போன வண்டி, செங்கப்பள்ளிக்குச் சற்று முன்னால் டீக்கு நின்றது. எஞ்சினைப் போட்டுக் கிளம்பினால் பெட்டி தேடிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் சேலத்துக்காரர், புது ஆள். பிரிய வேண்டிய இடத்தைத் தாண்டி நேரே போய்விட்டார். பின்னால் பைப் ஏற்றிய வண்டியும் தொடர்ந்தது. நெடுஞ்சாலையில் அத்தனை பெரிய வண்டிகளைத் திருப்பிக் கொண்டுவருவது லேசான காரியமா? தோட்டத்துக்காரர் எனக்குப் போன் போட்டு, "ஏனுங்க, காத்தால வந்தர்றம்னு சொன்னீங்க, பொழுது உச்சிக்கு வந்துருச்சுங்களே" என்றார். பதில் சொல்ல முடியாமல் நின்றது நான். பெட்டியில் ஒட்டியிருப்பது எங்கள் பட்டறைப் பெயர். உங்கள் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

உங்கள் சேவைப் பிரிவில் கேட்டதற்கு, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வைக்கச் சொன்னார்கள். மறுபடி கேட்டதற்கு, "விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம்" என்று டேட்டாஷீட்டின் அடியில் உள்ள பொடி எழுத்தைக் காட்டினார்கள். பெயின்ட் நிறம் மாறினால் அந்த வரி பொருந்தும். இருக்கும் என்று எழுதிய உறுப்பையே எடுத்துவிட்டு, அதே எண்ணில் விற்றுவிட்டு, அந்த வரியைக் காட்டுவது நியாயமே இல்லை.

80-இல் 31 ஏற்கனவே வண்டிகளில் ஏறிவிட்டன. அவற்றுக்குப் பேட்டரியுள்ள மாட்யூல்களை மாற்றித் தர வேண்டும். பிரித்து மாட்டும் கூலியையும் நீங்களே ஏற்க வேண்டும். பிரிக்காத 49-ஐத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்துவிடுங்கள். பேட்டரி இல்லாததைத் தொடர்ந்து விற்பதானால் வேறு எண் கொடுத்து விற்கவும், டேட்டாஷீட்டைத் திருத்தவும் கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் போல் இன்னும் எத்தனை சின்னப் பட்டறைகள் இதில் மாட்டியிருக்கின்றனவோ. பில் நகல், இரண்டு மாட்யூல்களின் படம், சோதனையின்போது பதிவான வரிகள் எல்லாம் இத்துடன் இணைத்துள்ளேன்.

வெளிமாநிலத்தில் இருக்கும் வண்டிகள் தீபாவளிக்கு ஊர் திரும்பும். அதற்குள் மாற்று மாட்யூல்கள் கைக்கு வந்தால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றி அனுப்பிவிடுவோம். எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்செங்கோடு.