சூசையப்பரிடம் கேட்பதை உங்களிடமும் கேட்கிறேன்

தமிழ்நாட்டில் திருச்சபை மருத்துவமனைகளை நடத்தும் ஆயர்கள், அருட்தந்தையர், அருட்சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை இருக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு என் நன்றி.

போன தவக்காலத்தில் என் அம்மா நம் மருத்துவமனை ஒன்றில் 9 நாள் கிடந்தார். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. இனிக் குணமாகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். விரிப்பு மாற்ற ஒருக்களிக்க வைக்கும்போதெல்லாம் அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பயந்துவிடக் கூடாதாம். இரவு 8 மணிக்குப் போடும் ஊசி 11 மணி வரைதான் தாங்கும். அடுத்தது காலை 6 மணிக்கு. இடையில் கையில் செபமாலை இருக்கும், ஆனால் ஒரு அருள் நிறைந்த மரியேகூட முடியாது. அந்தச் செபத்தின் கடைசியில் ‘மரண வேளை’ என்ற சொல் வருவதற்குள் மூச்சு முட்டிச் செபம் நின்றுவிடும்.

மார்ஃபின் கேட்டேன். “அதெல்லாம் இங்கே வைக்கிறதில்லைம்மா, லைசென்ஸ் தொல்லை. பழக்கமாயிடும் வேற” என்றார்கள். சாகக் கிடக்கிறவருக்குப் பழக்கமானால்தான் என்ன? ஒரு சிஸ்டர், “ஆண்டவரின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கம்மா” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஒப்புக்கொடுப்பதா வேண்டாமா என்பது அம்மா முடிவுசெய்ய வேண்டியது. அலமாரியில் மருந்து இல்லாததற்கு அது பதிலாகாது.

உங்களுக்குத் தெரியாததையா சொல்கிறேன்? வலியைத் தணிக்கக் கொடுக்கும் மருந்து ஒருவேளை ஆயுளைக் குறைத்தாலும் கொடுக்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே மருத்துவர்களிடம் சொல்லிவிட்டார். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2279-ஆம் எண்ணிலும் அதுவே இருக்கிறது. நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும்தான் வார்த்தார். போதைப்பொருள் சட்டமும் 2014-இல் தளர்ந்துவிட்டது. முன்பு போலப் பல உரிமங்களுக்கு அலைய வேண்டாம், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் போதும்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். என் தம்பி கோயில் பக்கமே வராதவன். செத்த பிறகு எதுவும் இல்லை, அதனால் இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பெரிசு என்பான். அவன்தான் அரசு மருத்துவமனைக்கு அலைந்து, டாக்டரைப் பார்த்து, 10 மில்லிகிராம் மாத்திரைகளை வாங்கிவந்தான். மறுநாள் காலையில் அம்மா காப்பி கேட்டார். அப்புறம் 11 நாள் இருந்தார். பங்குச் சாமியார் நோயில்பூசுதல் கொடுத்தபோது ஒவ்வொரு செபத்துக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். தம்பி அம்மாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வேண்டியவர்களுக்கு ஊசி போட்டு உயிரை முடிக்கவும் சட்டம் வர வேண்டும் என்கிறான் அவன். எனக்கு அது சம்மதமில்லை, உயிர் ஆண்டவருடையது. ஆனால் வலியில் ஒருவரைத் தவிக்க விடக் கூடாது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

புது ஸ்கேன் கட்டடங்களை மந்திரித்துத் திறக்கிறோம். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவரையும் ஐசியுவில் படுக்க வைத்து லட்சக்கணக்கில் பில் போடுகிறோம். சில ரூபாய் மாத்திரைக்கு மட்டும் நமக்கு வழி தெரியவில்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நன்மரணம் வேண்டிச் சூசையப்பரிடம் மன்றாடச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். மார்ச் 19 அவர் திருநாள். அதற்குள் மார்ஃபினுக்கான விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். இரவுப் பணியில் இருக்கும் சிஸ்டர்களுக்கும் அதை எப்படிக் கொடுப்பதென்று பயிற்சி கொடுங்கள். தாழ்மையோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருத்தி