அது எருமை அல்ல, செலாடாங்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சுற்றுலாப் பக்கத்தில் மலேசியத் தேசியப் பூங்காவான தாமான் நெகாரா பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "இரவு முழுக்கக் காத்திருந்தும் ஒரு காட்டெருமைகூட வரவில்லை, பணம் வீண்" என்று முடித்திருக்கிறார் எழுதியவர். கூடவே ஒரு படம். தாடியும் சடையுமாகப் பனியில் நிற்கும் அமெரிக்கப் பைசன்! அது இந்த வட்டாரத்திலேயே கிடையாது.

அந்தப் பூங்கா இருக்கும் பகாங் மாநிலக் காட்டில் உள்ளது, மலாயில் செலாடாங் எனப்படும் காட்டுமாடு. எருமையே அல்ல, மாட்டினம். கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. நன்கு வளர்ந்த காளை ஆயிரம் கிலோவரை இருக்கும். சங்கப் பாடல்களில் வரும் 'ஆமா' இதுதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் பேரன் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, எருமைன்னா திட்டுற வார்த்தைதானே?" என்று கேட்கிறான்.

என் அப்பா பகாங்கில் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவியவர். எனக்கு எட்டு வயதிருக்கும். விடியலில் அவரோடு போனபோது, தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஐந்தாறு செலாடாங் மேய்ந்துகொண்டிருந்தன. அப்பா என் வாயைப் பொத்தினார். காளை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, பிறகு மெல்ல உள்ளே போய்விட்டது. அறுபது வருடமாகிறது. அதற்கப்புறம் காட்டில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. தாமான் நெகாராவில், மிருகங்கள் உப்பு நக்க வரும் இடத்துக்கு எதிரே மூன்று தடவை கண்விழித்து உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை. பணம் வீண் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. ஏன் வரவில்லை என்றுதான் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த 'ஏன்' கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. செலாடாங்குக்குப் புல் வேண்டும், ஆற்றோரத் தாழ்நிலம் வேண்டும். அப்படிப்பட்ட காடுகளைத்தான் ரப்பருக்கும் செம்பனைக்கும் அழித்தோம், என் அப்பாவின் தோட்டமும் அதில் சேர்த்திதான். வேட்டை வேறு. வீட்டு மாட்டின் நோயும் அதற்கு ஒட்டிக்கொள்ளும்: 1968இல் தமிழ்நாட்டு முதுமலையில் வெக்கை நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆபத்திலுள்ள விலங்குகளின் உலகப் பட்டியலில் 1986 முதல் இதன் பெயர் இருக்கிறது. வேட்டைக்காரராக இருந்து மனம் மாறிய தியடோர் ஹப்பேக் போராடியதால்தான் 1930களின் கடைசியில் தாமான் நெகாரா பூங்காவே உருவானது. 4,343 சதுர கிலோமீட்டர் காடு, யாருக்கும் வேடிக்கை காட்டுவதற்காக ஒதுக்கியதல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே சிங்கப்பூரில் காட்டுப்பன்றி வெளியே வந்தால் உங்கள் தலைப்பில் 'அட்டகாசம்', குரங்கு வந்தால் 'தொல்லை'. நம் வீடுகள் எங்கே எழும்பியிருக்கின்றன என்று ஒரு செய்தியாவது கேட்டதுண்டா? இதைப் பற்றிச் சென்ற ஆண்டு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை, பிரசுரமும் இல்லை. முப்பது வருடமாகச் சந்தா கட்டும் எனக்கு அது வருத்தம்தான்.

அடுத்த ஞாயிறு சரியான படத்தைப் போட்டு, கீழே 'செலாடாங்' என்றோ 'காட்டெருது' என்றோ ஒரு வரி அச்சிடுங்கள். பேரனுக்குக் காட்ட வேண்டும்.

தங்கள் வாசகர்,
ஈசூன், சிங்கப்பூர்