கிஷினாவ் உணவகக்காரர்களுக்கு: மமலிகாவை 'மக்காச்சோளக் கஞ்சி' என்று எழுதாதீர்கள்

மால்டோவாவின் தலைநகரான கிஷினாவில் உணவகம் நடத்துபவர்களுக்கும், அங்கே அடுப்படியில் நின்று சமைப்பவர்களுக்கும் வணக்கம்.

வேலைக்காக மால்டோவா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் முதல் பதினோரு மாதம் பீட்சாவும் ஷவர்மாவுமாகவே போய்விட்டது. உங்கள் ஊர்ச் சாப்பாடு பிடிக்காததால் இல்லை. அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. நான் போன கடைகளில் ஆங்கில மெனு அட்டையில் 'மக்காச்சோளக் கஞ்சி', 'கோழி நூடுல்ஸ் சூப்' என்றுதான் இருந்தது. கஞ்சி குடிக்கவா கடைக்கு வந்தோம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

போன நவம்பரில் ஒரு மழை நாள். ட்ராலிபஸ் வரவில்லை. நான் வசிக்கும் பொட்டானிக்கா பகுதியில் ஆறு மேசை போட்ட ஒரு சின்னக் கடைக்குள் ஒதுங்கினேன். மெனு முழுக்க ரோமானிய மொழி. பரிமாறும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே முடிவு செய்து கொண்டுவந்து வைத்ததுதான் மமலிகா, மக்காச்சோள மாவில் கிண்டிய களி.

ஒரு மரப்பலகை. அதன் மேல் இரும்புச் சட்டியிலிருந்து அப்படியே கவிழ்த்த மஞ்சள் குன்று, ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கத்தியை எடுக்கவில்லை. ஒரு வெள்ளை நூலின் இரண்டு முனையையும் பிடித்து, அடியில் செருகி, மேல்நோக்கி இழுத்தார். ஒட்டாமல் பிசிறாமல் ஒரு துண்டு தனியாக வந்து விழுந்தது. பக்கத்தில் பிரின்ஸா என்ற துருவிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஸ்மின்தானா என்ற கெட்டியான புளிப்புப் பாலேடு, பூண்டை நசுக்கிக் கரைத்த முஷ்டேய், பொரித்த பன்றி இறைச்சி. கையால் சாப்பிடலாமா என்று சைகையில் கேட்டேன். அவரே ஒரு விள்ளல் எடுத்து உருட்டி, பிரின்ஸாவில் அழுத்தி, ஸ்மின்தானாவில் தொட்டுக் காட்டினார். கேழ்வரகுக் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். அது வருவதற்கு முன்பு இதே மமலிகாவை உங்கள் முன்னோர் பனிவரகில் கிண்டினார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இதையெல்லாம் ஒரு வரியில் அட்டையில் எழுதினால் யார் பக்கத்தைப் புரட்டுவார்கள்?

அப்புறம் ஸாமா, ஆங்கில அட்டையில் 'கோழி நூடுல்ஸ் சூப்' என்று இருப்பது. கோழிக் குழம்புச் சாறு, வீட்டில் தேய்த்து நறுக்கிய மெல்லிய நூடுல்ஸ், லெயுஷ்டியான் கீரை. ஆனால் அதன் உயிர் போர்ஷில் இருக்கிறது. பீட்ரூட் சூப்புக்கும் அதே பெயர் உண்டு, இது வேறு: கோதுமைத் தவிட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, சில நாள் புளிக்கவிட்டு வடித்த நீர். புளியின் புளிப்பு அல்ல, எலுமிச்சையின் புளிப்பும் அல்ல. எங்கள் நீராகாரத்துக்குச் சொந்தக்காரப் புளிப்பு. இன்னொரு கடையில் அதே பெயரில் எலுமிச்சைச் சாறு பிழிந்த சூப்பைத் தந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதல் முறை சாப்பிடுகிறவன் ஸாமா என்றால் அதுதான் என்று நினைத்துப் போய்விடுவான்.

முட்டைக்கோஸ் அல்லது திராட்சை இலையில் பூரணம் வைத்துச் சுருட்டிய சர்மாலேயும், உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட தட்டையான பிளச்சின்தாவும் தாமே பேசிக்கொள்ளும். இருந்தாலும், 'சுருட்டுதல்' என்ற துருக்கியச் சொல்லிலிருந்து ஒன்றும், தட்டையான பணியாரத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து மற்றொன்றும் வந்தன என்று எழுதிவையுங்கள். உங்கள் நாட்டின் வரலாறே அந்த இரண்டு தட்டில் இருக்கிறது.

இன்னொரு வேண்டுகோள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் நீங்கள் சமைக்கும் விரதச் சாப்பாடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இறைச்சி இல்லாமல் அரிசியும் காளானும் வைத்த சர்மாலே, பூண்டு போட்டு மசித்து வதக்கிய வெங்காயம் தூவிய பீன்ஸ், பூசணிக்காய் பிளச்சின்தா. நோன்பு முடிந்ததும் பல கடைகளில் இவை காணாமல் போகின்றன. சைவம் சாப்பிடும் என் நண்பர்கள் வந்தால் எங்கே அழைத்துப் போவது? வருடம் முழுக்க இரண்டு வகையாவது வைத்திருங்கள்.

உங்களால் இது முடியும் என்பதற்கு உங்கள் ஒயினே சாட்சி. மிலெஷ்டி மிச் ஊரின் ஒயின் நிலவறைகள் சுமார் 200 கிலோமீட்டர் நீளம். அங்கே உள்ள ஒயின் சேகரிப்பு 2005-இல் கின்னஸில் ஏறியது. ஃபெதெயாஸ்கா நேயக்ரா என்ற சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்தால் திராட்சையின் பெயரும் விளைந்த ஆண்டும் அதன் மேலேயே இருக்கும். அதே மேசையில் வரும் மமலிகாவுக்கு மட்டும் ஏன் 'கஞ்சி' என்று ஒற்றைச் சொல்? அதன் பெயரை உங்கள் மொழியிலேயே எழுதுங்கள். எதில் செய்தது, எதைத் தொட்டுக்கொள்வது, எப்படிச் சாப்பிடுவது என்று கீழே இரண்டு வரி சேருங்கள். நூலால் அறுப்பதைச் சமையலறைக்குள் முடித்துவிடாமல் மேசையில் செய்யுங்கள்.

அக்டோபர் முதல் வார இறுதியில் தேசிய ஒயின் நாள் வருகிறது. ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள். அதற்குள் அட்டையை மாற்றிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன். காசு வேண்டாம். தவிட்டுப் போர்ஷ் ஊற்றிய ஒரு கிண்ணம் ஸாமா கொடுத்தால் போதும்.

அன்புடன்,
பொட்டானிக்காவில் வசிக்கும் ஒரு தமிழன்