ரத்த வகை வருடா வருடம் மாறாது: மும்பை பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்துப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். ஜூனில் பள்ளி திறக்கும்போது சீருடை, நோட்டு, ரெயின்கோட், வேன் அட்வான்ஸ் என்று கையில் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஐடி கார்டு ஃபாரத்தில் ஒரு வரி வருகிறது: ரத்த வகை ரிப்போர்ட் புதிதாக எடுத்து இணைக்கவும். போன வருட ரிப்போர்ட்டைக் கொடுத்தேன், பழையது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். தலைக்கு 150 ரூபாய், இரண்டு பிள்ளைகளுக்கு 300. எங்கள் சந்தில் விடிவதற்குள் எழுந்து இட்லி அவித்து விற்கும் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், அவர் 450 கொடுத்தார்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மாதிரி அபூர்வமான நிலை தவிர, ரத்த வகை ஆயுளுக்கும் அதேதான். எடை, உயரம் போல அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

டெஸ்டே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். எனக்கு நெகட்டிவ் குரூப். பிள்ளை பிறந்த உடனே அதற்கு குரூப் பார்த்து, பாசிட்டிவ் என்று தெரிந்ததும் 72 மணி நேரத்துக்குள் எனக்கு ஆன்டி-டி ஊசி போட்டார்கள், அது போடாமல் இருந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆபத்தாகியிருக்கலாம். கர்ப்பிணிகள் இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஆனால் ஐடி கார்டுக்கு? விபத்து என்று கொண்டுபோனால் எந்த ஆஸ்பத்திரியும் கார்டைப் பார்த்து ரத்தம் ஏற்றாது, மறுபடி குரூப் பார்த்து, கிராஸ் மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனை) செய்துதான் ஏற்றுவார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1952-இல் இதே ஊரில் டாக்டர் ஒய்.எம். பேண்டே குழுவினர் கண்டுபிடித்த பாம்பே வகை, சாதாரண டெஸ்டில் ஓ என்றே காட்டும், ஆனால் அந்த வகை உள்ளவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

சரி, கார்டில் ரத்த வகை இருந்துதான் ஆக வேண்டும் என்றால் எந்த வருட ரிப்போர்ட்டாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆன பிள்ளை என்றால் டிஸ்சார்ஜ் பேப்பரிலேயே எழுதியிருக்கலாம். எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு லேபை பள்ளிக்கே வரச்சொல்லி, மொத்தமாக விலை பேசுங்கள். ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி என்று மூன்று சோதனைத் திரவத்தில் சொட்டுச் சொட்டு ரத்தம் கலந்து, எது திரிகிறது என்று பார்ப்பதுதானே, சில நிமிட வேலை. மாநகராட்சி ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் (ஓ.பி. சீட்டு) போட்டு செலவைக் குறைக்கலாம்தான், ஆனால் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும், அப்புறம் என்ன மிச்சம்?

பெற்றோருக்கும் ஒன்று: லேபில் குரூப் மட்டும் போதும் என்று கேளுங்கள், பேக்கேஜுக்குத் தலையாட்டாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் ரத்ததானம் செய்தால் அவர்கள் குரூப் செலவில்லாமலே தெரிந்துவிடும்.

அடுத்த ஜூனுக்குள் ஃபாரத்தில் அந்த ஒரு வரியை மாற்றிவிடுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு பழைய ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் வருவேன்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து இரண்டு பிள்ளைகளின் அம்மா