அந்தத் தகரப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதே

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சொக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துவிட்டது. வாத்தியார் வீட்டுத் திண்ணை வழக்கு என்னாயிற்று என்று எத்தனை தடவைதான் கேட்பது? ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடச் சொல்லமாட்டேன் என்கிறாயே!

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் போகிறபோக்கில் ஒன்று சொன்னாய்: வளவு வீட்டை ஒழிக்கிறோம், ஐயாவின் தகரப் பெட்டி நிறையக் கணக்குப் புத்தகமும் கடுதாசியும் கரையான் அரித்துக் கிடக்கிறது, எடைக்குப் போடப்போகிறேன் என்று. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் பேசினால் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நேற்று உனக்காகவே மார்க்கெட் ஸ்ட்ரீட் முழுக்க நடந்தேன். உங்க ஐயா இருந்த கிட்டங்கியின், அந்த வட்டிக்கடைக் கூடத்தின், செங்கல் ஒன்றுகூட இல்லையடா. நகரச் சீரமைப்பு என்று வரிசையாக இடித்துவிட்டார்கள். அந்தத் தெருவில் இன்று கேப்பிட்டாஸ்பிரிங் என்று 51 மாடிக் கட்டடம் நிற்கிறது. 2021இல் கட்டி முடித்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, காபியோடு ஓடுகிற பிள்ளைகளில் யாரையாவது நிறுத்தி, "இங்கேதான் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள், தெரியுமா?" என்று கேட்க நாக்கு துடித்தது.

உங்க அப்பத்தா சொல்வார்களே, நினைவிருக்கிறதா? ஒரே நீளக் கூடம். அதில் பல மார்க்கா, அதாவது தனித்தனிப் பேரில் நடந்த வட்டிக்கடைகள். ஆளுக்கொரு பெட்டி, முன்னால் சாய்வு மேசை, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அதுதான் கடை. ராத்திரி அதே இடத்தில் பாய் விரித்தால் அதுதான் வீடு. பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருஷக் கணக்குக்கு வந்தவர்கள். பெரிய பேங்குகள் ஏறிட்டும் பார்க்காத சின்ன வியாபாரிக்கு முதல் கொடுத்தது இந்தப் பெட்டியடிகள்தான். உதவிக்கு நிற்கும் அடுத்தாளாக வந்து, கடையையே நடத்தும் மேலாளாகத் திரும்பியவர் உங்க ஐயா. அவர் கைப்பட எழுதிய பேரேட்டுக்கு நீ கிலோ விலை பேசுகிறாய்!

அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் ஆறு. போட் கீ கரையில் இப்போது வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். 1860களில் இந்தத் துறைமுக வியாபாரத்தில் முக்கால்வாசி இந்தக் கரையில்தான் நடந்ததாம். கப்பல் கடலிலேயே நிற்கும். சரக்கைத் தொங்கானில் ஏற்றி ஆற்றுக்குள் கொண்டுவந்து கிடங்கில் இறக்குவார்கள். ஆரம்ப காலத்தில் அந்தத் தொங்கான்களை ஓட்டியதில் பெரும்பாலோர் நம் கடற்கரை மரைக்காயர்மாரும் அவர்களோடு வந்தவர்களும். சூலியா என்று அவர்களைச் சொல்வார்கள். பக்கத்துத் தெருவுக்கு அந்தப் பேர் இன்னும் இருக்கிறது. ஆறு நாறிப்போய்க் கிடந்தது உண்மை. 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருஷக் கெடு வைத்தார். 1983இல் படகுகளையெல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். 1987இல் ஆறு சுத்தமாகிவிட்டது. 2008இல் மரினா அணை கட்டிக் கடலையும் அடைத்தாயிற்று; இன்று அது குடிதண்ணீர். இதை நான் குறை சொல்லமாட்டேன், பெரிய காரியம். ஆனால் தண்ணீரோடு சேர்த்து ஆட்களையும் வடிகட்டிவிட்டார்களே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அப்புறம் தெலுக் ஆயர் தெரு. ஒரு காலத்தில் அலை அடித்த கரை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மண் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். இப்போது அங்கே நின்றால் நாலா பக்கமும் கட்டடம்தான். அந்தத் தெருவில், சொக்கு, நாகூர் தர்கா இருக்கிறது! 1828இல் தொடங்கி 1830இல் முடித்தது. நாம் கந்தூரிக்குப் போய்க் கூட்டத்தில் உன்னைத் தொலைத்துவிட்டுத் தேடினோமே, அதே ஷாகுல் ஹமீது ஆண்டவர் பேரில். மூலையில் ஒல்லியாக எழும்பும் கோபுரத்தில் தட்டுத் தட்டாகக் குட்டிக் குட்டி மாடங்கள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகல நிழல். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். சில அடி தள்ளிச் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில், கடல் தாய்க்குக் கட்டியது. அதையும் தாண்டினால் அல் அப்ரார் பள்ளி. பழைய ஆட்கள் குச்சுப் பள்ளி என்பார்கள். கடலைத் தாண்டி உயிரோடு கரை ஏறியவர்கள், இறங்கிய இடத்திலேயே அவரவர் தெய்வத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். கடல் போய்விட்டது. நன்றி மட்டும் நிற்கிறது.

செட்டியாருக்கும் ஒன்று இருக்கிறது. எம்பிரஸ் பிளேஸ் பக்கம் ஆற்றங்கரையில் வெண்கலச் சிலைத் தொகுதி. அன்றைய செட்டியாரிலிருந்து இன்றைய நிதித் துறைக்காரர் வரை. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிலைக்குப் பேரில்லை, மார்க்கா இல்லை, அவர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், என்ன திரும்பி வந்தது, எதுவும் கிடையாது. அதெல்லாம் உன் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கிறது.

அதனால் நான் சொல்கிறபடி செய். பெட்டியை முதலில் நிழலில் வைத்து உலர்த்து. வெயிலில் போட்டால் தாள் நொறுங்கிவிடும். கட்டுக் கட்டாக இருப்பதைப் பிரித்துக் கலைக்காதே, வரிசையிலும் சேதி இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் ஆயுசு முழுக்கச் சேர்த்ததிலிருந்து பிறந்த நூலகம் அது. உங்க பக்கத்து ஊர் மனுஷன், உனக்கு நான் சொல்லித்தரவேண்டியிருக்கிறது! அவர்களிடம் கேள். இங்குள்ள தேசிய நூலகத்தில் நான் விசாரிக்கிறேன். கொடுக்க மனசில்லை என்றால் நீயே வைத்துக்கொள். படம் எடுக்க மட்டும் விடு.

தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் எல்லாம் நல்ல விலைக்குப் போகும், வித்துக்கொள், நான் வாய் திறக்கமாட்டேன். பொங்கலுக்கு வருகிறேன். அதுவரை அந்தப் பெட்டி பட்டாலையில் இருக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு. திண்ணை வழக்கையும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
காதர்