முறையியலைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளாதீர்கள்: இளங்கலைப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

வரலாறு, சமூகவியல், அரசியல் அறிவியல், பொருளியல், மெய்யியல், இலக்கியம் என எந்தத் துறையின் இளங்கலைப் பாடத்திட்டத்தைப் புரட்டினாலும் பெரும்பாலும் ஒரே அடுக்குதான் தெரிகிறது. முதலில் அறிமுகத் தாள்கள், நடுவில் காலவாரியாகவோ கோட்பாடுவாரியாகவோ சில தாள்கள், கடைசிப் பருவத்தில் ஆய்வு முறையியலும் (கேள்வி எழுப்பி, சான்று தேடி, சரிபார்க்கும் வழிகள்) ஆய்வேடும். இந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்கவே இம்மடல்.

கடைசிப் பருவத்தில் மாணவர் கொண்டுவரும் தலைப்பு "பெண்களும் ஊடகமும்" என்ற அளவில் நிற்கும். அதில் கேள்வி எதுவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட இதழில், பத்தாண்டு இடைவெளியுள்ள இரண்டு ஆண்டுகளில், வேலைக்குப் போகும் பெண்களைக் குறிக்க என்னென்ன சொற்கள் வந்தன என்று சுருக்கினால்தான் எதைத் தேடுவது, எங்கே நிறுத்துவது என்பது பிடிபடும். அப்படிச் சுருக்க அதுவரை யாரும் பழக்கியிருப்பதில்லை. கேள்வி, தரவு, எழுத்து மூன்றையும் ஒரே பருவத்தில் கேட்டால் வெட்டி ஒட்டத்தான் செய்வார்கள். பழியை முழுவதும் மாணவர் தலையில் போடுவது நியாயமில்லை.

முதல் பருவத்திலேயே தொடங்குங்கள் என்றதும் வரையறைகள் நிறைந்த முறையியல் பாடநூலைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். மனப்பாடத்துக்கு இன்னொரு தாள் சேர்ந்ததாகத்தான் முடியும். ஒரு மூலத்தைக் கொடுங்கள்.

வரலாற்றுக்கும் மொழித் துறைகளுக்கும் 'கான்ஸ்டன்டைனின் கொடை' நல்ல தொடக்கம். நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் ஆவணம் அது. 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதைப் போலி என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட தடயங்களில் ஒன்று 'சத்ரப்' என்ற சொல். பாரசீக மாகாண ஆளுநரைக் குறிக்கும் சொல்லுக்கு ரோமானியப் பிரமுகர்களின் வரிசையில் என்ன வேலை என்று கேட்டார். வகுப்பில் அந்தப் பத்தியை மட்டும் மொழிபெயர்ப்பில் கொடுத்து, காலத்துக்குப் பொருந்தாத சொல் எது என்று கேளுங்கள். போலி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயிற்சி கெட்டுப்போகும். மாணவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

சமூக அறிவியல் துறைகளுக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் வெளியிட்ட கணக்கு போதும். 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு; 48 மாநிலங்களை வைத்துப் பார்த்தால் ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் எண்) −0.53. தனிநபர்களை வைத்துப் பார்த்தாலோ அது சுமார் +0.12. அதாவது, வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். உள்ளூரில் பிறந்தோரின் எழுத்தறிவு உயர்ந்திருந்த மாநிலங்களிலேயே வெளிநாட்டில் பிறந்தவர்கள் கூடுதலாகக் குடியேறியதால் குறி தலைகீழானது. முதல் எண்ணைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்கள் முடிவுகளைச் சொன்னபின் இரண்டாவதை எழுதுங்கள். மாவட்டவாரிப் புள்ளிவிவரத்திலிருந்து தனிமனிதரைப் பற்றிப் பேசும் தவறை அதன்பின் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நூற்பட்டியலுக்கு வருவோம். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் தாளுக்குக் குறைந்தது 125 மணி. வகுப்புக்கு 45, கட்டுரைக்கு 25, தேர்வுத் தயாரிப்புக்கு 15 போக, வாசிக்க மிஞ்சுவது 40 மணி. அடர்த்தியான உரைநடையில் மணிக்குப் பத்துப் பக்கம் என்றால் 400 பக்கம். 15 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரம் 27 பக்கம்கூட இல்லை. பன்னிரண்டு புத்தகங்களை 'கட்டாய வாசிப்பு' என்று அச்சிடும்போது அதில் எதையும் வாசிக்க வேண்டாம் என்றுதான் மாணவர் புரிந்துகொள்கிறார். புத்தகத்தின் பெயரோடு நிறுத்தாமல் இயல் எண்ணும் பக்க எண்ணும் போடுங்கள்.

கட்டுரை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 1,500 சொல் கட்டுரைக்கு நான்காம் வாரம் ஒரே வாக்கியத்தில் கேள்வி, ஏழாம் வாரம் முதல் 500 சொல், பதினோராம் வாரம் முழு வடிவம். இடையில் வரும் 500 சொல்லுக்கு மதிப்பெண் போடக் கூடாது. எண்ணைப் பார்த்ததும் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை. இரண்டு குறிப்புகள் போதும்: கேள்வி எங்கே நழுவுகிறது, எந்தக் கூற்றுக்குச் சான்று இல்லை. எழுத்துப்பிழை திருத்தம் அந்தக் கட்டத்துக்கு உரியதல்ல. முழு வடிவத்தோடு, எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லி அதற்குப் பத்தில் ஒரு பங்கு மதிப்பெண் கொடுங்கள். கடன் வாங்கிய கட்டுரை அந்த அரைப் பக்கத்தில்தான் பெரும்பாலும் தடுமாறும்.

அறுபது பேர் வகுப்பில் இது நடக்குமா என்பீர்கள். வரைவுக்குத் தலைக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். முழுக் கட்டுரைக்கு இருபது நிமிடம் என்றால் இருபது மணி நேரம். இந்த 25 மணி நேரத்தை ஆசிரியரின் பணிநேரத்தில் எழுத்துபூர்வமாகச் சேர்க்காமல் விதியை மட்டும் போட்டால், முதல் பருவத்திலேயே அது வெறும் கையெழுத்துச் சடங்காகிவிடும்.

பாடப்பரப்பு குறையாதா? குறையும். குறைய வேண்டும் என்றே சொல்கிறோம். 45 மணி நேர அறிமுகத் தாளில் ஐந்து அலகுகள் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒன்பது மணி நேரம் கிடைக்கும். மூலத்தை வாசிக்க ஐந்து, கேள்வியைச் சுருக்க இரண்டு, மேற்கோளும் அடிக்குறிப்பும் பழக இரண்டு. எந்த அலகை எடுப்பது என்பதை அந்தத் தாளை நடத்தும் ஆசிரியரிடம் கேட்டு, அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வையுங்கள்.

இப்படிக்கு,
இளங்கலை வகுப்புகளில் பாடம் நடத்துவோர்